எண்பத்திரண்டுக்கு ஐந்து: வீடியோ கேமில் சர்வதேசப் போட்டி ஆடத் தொடங்குபவர்களுக்கு

1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவின் வெற்றி இலக்கு 271. நான்காம் நாள் ஆட்டத்தில் ஸ்கோர் 82, விழுந்த விக்கெட் ஐந்து. அங்கிருந்து டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் 136 ரன் சேர்த்தார்கள். டெண்டுல்கர் 254-இல் வெளியேறினார். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னுக்குள் சரிந்தன. 12 ரன் வித்தியாசத்தில் ஜெயித்த விருந்தாளிகளுக்கு மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. இதெல்லாம் ஊரறிந்த கதை. அந்த 82-க்கு ஐந்திலிருந்து மிச்சமுள்ள 189 ரன்னை வீடியோ கேமில் எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். ஏழு முறை முயன்று இரண்டு முறை வென்றிருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர் அந்த இடத்துக்கு வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். இன்று வாங்கி இன்றே ஐந்து நாள் டெஸ்டில் இறங்கினால், முதல் பத்து ஓவருக்குள் எல்லா விக்கெட்டையும் பறிகொடுத்துவிட்டு, இந்த ஆட்டமே சரியில்லை என்று நீக்கிவிடுவீர்கள். என் முதல் போட்டியில் நான் 34-க்கு ஆல் அவுட். அதில் ஏழு பேர் கேட்ச், மூன்று பேர் போல்டு. கேட்ச் ஆன ஏழு பேரும் சிக்ஸர் அடிக்கப் போனவர்கள்தான்.

எதில் ஆடுவது

கைப்பேசி மட்டுமே இருந்தால் அதிலேயே தொடங்கலாம். சென்னை நிறுவனமான நெக்ஸ்ட்வேவ் உருவாக்கிய வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப், நாட்டிலஸ் நிறுவனத்தின் ரியல் கிரிக்கெட் ஆகிய இரண்டும் நம் ஊரில் பரவலாக ஆடப்படுபவை. பழைய கணினி இருந்தால் 2006-இல் வெளிவந்த இஏ ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் 07 போதும். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அதை விடாமல் ஆடுபவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் திறனுள்ள கணினியோ கேம் கன்சோலோ இருந்தால் ஆஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் நிறுவனம் தயாரித்த டான் பிராட்மேன் கிரிக்கெட் 14, அதன் வழி வந்த கிரிக்கெட் 19, 22, 24 ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லாவற்றிலும் புதியதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு பதிப்பு பழையதாகும்போது அதன் விலையும் இறங்குகிறது, பிழைகளும் பெரும்பாலும் திருத்தப்பட்டிருக்கின்றன.

டி20 வரைக்கும் கைப்பேசி தாங்கும். டெஸ்டுக்குக் கேம்பேட் வேண்டும் என்பது என் கருத்து. கைப்பேசியில் விரலே திரையை மறைக்கிறது, அதுவும் களத்தடுப்பாளர் நிற்கும் மூலையைத்தான் மறைக்கிறது. இருபது பந்துக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இருநூறு பந்துக்கு முடியாது. விசைப்பலகையில் ஆடுவது முடியாத காரியமில்லை என்றாலும், அம்புக்குறி விசைகள் எட்டுத் திசைகளைத்தான் தரும். கவருக்கும் பாயின்டுக்கும் நடுவிலுள்ள சின்ன இடைவெளியில் பந்தைத் தள்ள அது போதாது.

பெயர்களைச் சரிசெய்யுங்கள்

அணிப் பட்டியலைத் திறந்ததும் சிலருக்கு அதிர்ச்சி ஏற்படும். முகம் தெரிந்ததாக இருக்கும், பெயர் வேறாக இருக்கும். ஒவ்வொரு நாட்டு வாரியத்திடமும் தனித்தனியாக உரிமம் வாங்க வேண்டும் என்பதே காரணம். கிரிக்கெட் 07-இல் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்தான் உண்மைப் பெயர்கள் இருந்தன; மற்ற நாட்டு வீரர்கள் எழுத்து மாறிய பெயர்களோடு உலவினார்கள். டான் பிராட்மேன் கிரிக்கெட் 14 வந்தபோது அந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி கண்டுபிடித்தார்கள்: வீரர்களையும் அணிகளையும் ரசிகர்களே உருவாக்கிப் பகிர்ந்துகொள்ளும் வசதி. இப்போது யாரோ உருவாக்கிய அணியை நீங்கள் ஒரு நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

இறக்கியதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பெயரைவிட மூன்று விஷயங்களை முதலில் பாருங்கள்: இடக்கையா வலக்கையா, பந்துவீச்சு எந்த வகை, திறன் மதிப்பெண் எவ்வளவு. கங்குலி வலக்கை ஆட்டக்காரராக வந்து நின்றால் அந்தப் போட்டி அங்கேயே பொய்யாகிவிடும். மதிப்பெண் விஷயத்தில் ரசிகர்களின் பாசம் கண்ணை மறைத்திருக்கும். நான் இறக்கிய ஓர் அணியில் வெங்கடேஷ் பிரசாத்துக்குப் பேட்டிங்கில் திராவிடுக்கு அடுத்த இடம் தந்திருந்தார்கள். பிரசாத் மேல் எனக்கும் பாசம் உண்டு. அதே சேப்பாக்கம் டெஸ்டில் 33 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்தவர் அவர். அதற்காக அவர் கையில் சதம் வேண்டாம்.

போட்டி அமைப்பு

முதல் வாரம் ஐந்து ஓவர் போட்டிகள் மட்டும் ஆடுங்கள். அதன் பிறகு இருபது, பிறகு ஐம்பது, கடைசியாக டெஸ்ட். ஐந்து ஓவரில் பத்து விக்கெட் கையில் இருப்பதால் கண்மூடித்தனமாக அடிக்கும் பழக்கம் வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பந்து எப்போது மட்டைக்கு வருகிறது என்ற கணக்கைக் கை கற்றுக்கொள்ள இதைவிடக் குறுகிய வழி இல்லை. ஐந்து ஓவரில் 50 ரன் தொடர்ந்து வரத் தொடங்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

கடினநிலையை நடுத்தரத்தில் வையுங்கள். பேட்டிங்குக்கும் பந்துவீச்சுக்கும் தனித்தனியாக வைக்க வசதி இருந்தால், பேட்டிங்கை எளிதாகவும் பந்துவீச்சை நடுத்தரமாகவும் வைத்துத் தொடங்குவது நல்லது. பேட்டிங்கில் ஒரு தவறு செய்தால் ஆட்டக்காரரே போய்விடுகிறார். பந்துவீச்சில் ஒரு தவறுக்கு நான்கு ரன்தான் போகிறது.

அடுத்து ஆடுகளம். இதைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை, அதனால்தான் எந்த நாட்டில் ஆடினாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். சேப்பாக்கம் என்றால் காய்ந்த, வெடிப்புள்ள ஆடுகளம், வெயில். லார்ட்ஸ் என்றால் பச்சை, மேகமூட்டம். பெர்த் என்றால் கெட்டியான தரை, எகிறும் பந்து. இந்த மூன்றையும் ஒரே மாலையில் ஐந்தைந்து ஓவர் ஆடிப் பாருங்கள். பச்சைத் தரையில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பது இரண்டாவது ஓவரிலேயே புரிந்துவிடும்.

பழைய போட்டியை ஆடுவதாக இருந்தால் டிஆர்எஸ்ஸை, அதாவது நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் முறையை, அணைத்துவிடுங்கள். அந்த முறை சோதனைக்கு வந்ததே 2008-இல், கொழும்பில் நடந்த இந்தியா–இலங்கை டெஸ்டில்தான். 1999-இல் நடுவர் விரலைத் தூக்கினால் தூக்கியதுதான்.

டாஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்த தரை என்றால் பேட்டிங், பச்சை என்றால் பந்துவீச்சு. சந்தேகம் வந்தால் பேட்டிங்.

பேட்டிங்: நான்கு கேள்விகள், ஒரு நொடி

பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்குவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. களவரைபடத்தைத் திறந்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். யார் நிற்கிறார்கள் என்பதைவிட எங்கே ஆள் இல்லை என்பது முக்கியம். பெரும்பாலும் ஸ்லிப்பில் ஆள் கூடும்போது கவரில் இடம் திறக்கும். அந்த ஓவரில் நீங்கள் ரன் தேட வேண்டிய இடம் அதுதான்.

பந்து கையை விட்டதும் நான்கு கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் வேண்டும். எங்கே விழுகிறது? முன்காலா பின்காலா? எந்தத் திசை? எப்போது? புதியவர்கள் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார்கள், அதாவது திசையை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டுப் பந்துக்காகக் காத்திருக்கிறார்கள். மிட்விக்கெட்டுக்கு மேலே தூக்குவது என்று முடிவானபின் பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குட் லெங்த்தில், அதாவது முன்காலா பின்காலா என்று தடுமாற வைக்கும் தூரத்தில், விழுந்தால் விளிம்பில் பட்டு மேலே எழும்பத்தான் செய்யும். அந்த 34 ரன்னில் என் ஏழு கேட்சும் இப்படித்தான் போயின.

சில ஆட்டங்களில் பந்து விழும் இடத்தை ஒரு வட்டம் காட்டிக்கொடுக்கும். முதல் வாரம் அதை அணைக்க வேண்டாம். வட்டம் உங்களுக்கு அருகில் இருந்தால் முன்கால், தள்ளி இருந்தால் பின்கால். வேறெதையும் யோசிக்காமல் ஒரு மணி நேரம் வலைப்பயிற்சியில் இதை மட்டும் செய்யுங்கள். அடிக்கக்கூட வேண்டாம், காலை மட்டும் சரியாக வையுங்கள். கால் சரியாகப் போன பந்தில் நேரம் கொஞ்சம் தவறினாலும் பந்து தரையோடு போகும். கால் தவறிய பந்தில் நேரம் சரியாக இருந்தாலும் பந்து காற்றில்தான் எழும்பும்.

அடித்தபின் திரையில் சீக்கிரம், சரி, தாமதம் என்ற பொருளில் ஒரு குறிப்பு வரும். அதைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பத்து பந்தில் ஏழு முறை சீக்கிரம் என்று வந்தால் உங்கள் கை அவசரப்படுகிறது. வேகப்பந்தில் பெரும்பாலும் தாமதம் வரும், சுழலில் பெரும்பாலும் சீக்கிரம் வரும். சுழற்பந்து வீச்சாளர் வந்ததும் ஓர் ஓவர் முழுக்கத் தடுத்து ஆடிக் கையின் தாளத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான பொத்தான்: எதையும் அழுத்தாமல் இருப்பது. பல ஆட்டங்களில் எதையும் அழுத்தாவிட்டால் ஆட்டக்காரர் மட்டையை உயர்த்திப் பந்தை விட்டுவிடுவார். இந்த விடுவதைக் கற்றுக்கொள்ளாத யாரும் இருபது ஓவருக்கு மேல் நின்றதில்லை. புதுப் பந்தில் முதல் எட்டு ஓவருக்கு எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே எது வந்தாலும் விரலைத் தூக்கிவிடுவது. நாலைந்து பந்து விட்டால் கணினி தன் போக்கை மாற்றி உள்ளே வீசத் தொடங்கும். காலுக்கு வரும் அந்தப் பந்துக்காகத்தான் அவ்வளவு நேரம் காத்திருந்தோம்.

ரன் ஓடுவதில் ஒரே ஓர் எச்சரிக்கை. இரண்டாவது ரன்னுக்கு அழைக்கும் பொத்தானை ஆசையில் இரண்டு தடவை அழுத்தினால் மூன்றாவதுக்கும் ஓடிவிடுவார்கள். நடு மைதானத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சியை நீங்களே உருவாக்கிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ள நேரிடும்.

பந்துவீச்சு: ஓர் ஓவரை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

பேட்டிங் கைக்குப் பழகியபின் பலர் பந்துவீச்சைக் கணினியிடம் விட்டுவிடுகிறார்கள். அது பாதி ஆட்டத்தை இழப்பது. என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் நல்ல பகுதியே இதுதான்.

நான்கு முடிவுகள்: வகை, இடம், வேகம், கையை விடும் நேரம். கடைசியில் தவறினால் நோ பால், அல்லது இடம் மாறிப்போய் இடுப்புயர ஃபுல் டாஸ். அதனால் முதலில் வகையை மாற்றாமல் ஒரே பந்தைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். ஆஃப் ஸ்டம்பின் மேல் முனையைத் தொடும் குட் லெங்த் பந்து. பதினெட்டு பந்தில் பதினைந்து அங்கே விழுந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

அடுத்த பாடம், பந்துகளுக்குள் தொடர்பு. வலக்கை ஆட்டக்காரருக்கு வெளியே போகும் பந்து மூன்று, நான்காவதும் வெளியே போவதுபோலத் தொடங்கி உள்ளே வருவது. ஆட்டக்காரர் மூன்று பந்துக்குக் கவர் டிரைவ் ஆட முன்கால் வைத்திருப்பார். நான்காவதில் முன்கால் ஸ்டம்புக்கு முன்னால் இருக்கும். இப்படி ஒரு எல்பிடபிள்யூ கிடைத்தால், ஆறு சிக்ஸர் அடித்தாலும் வராத ஒரு நிறைவு வரும். சுழலில் பாகிஸ்தானின் ஆஃப் ஸ்பின்னர் சக்லைன் முஷ்டாக்கைப் பாருங்கள். சேப்பாக்கத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்தார் அவர். ஓவருக்கு ஆறு தூஸ்ரா (ஆஃப் பிரேக் போலவே தோன்றி எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) போட்டு எடுத்ததில்லை. சாதாரண ஆஃப் பிரேக்கை நம்ப வைத்துவிட்டுத்தான் மற்றதை இறக்கினார். விளையாட்டிலும் மாயப் பந்தை ஓவருக்கு ஒன்றுக்கு மேல் போட்டால் அடி விழும்.

களவியூகத்தை ஆட்டமே அமைத்துத் தரும். அதை அப்படியே விட்டுவிட்டு ஒரே ஓர் ஆளை மட்டும் நகர்த்துங்கள். நீங்கள் எங்கே வீசப் போகிறீர்களோ அதற்கேற்ற ஓர் ஆள். ஷார்ட் பால் போடப் போகிறீர்கள் என்றால் டீப் ஸ்கொயர் லெக்கில் ஒருவர். ஒருநாள் போட்டியில் முதல் பத்து ஓவர் மைதானத்தின் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம், நாற்பதாவது ஓவர் வரை நான்கு, கடைசிப் பத்தில் ஐந்து. டி20-இல் முதல் ஆறு ஓவர் இரண்டு, அதன்பின் ஐந்து. இது நினைவில் இருந்தால் கணினி ஏன் உங்கள் ஆளை நகர்த்த விடவில்லை என்று குழம்ப வேண்டியதில்லை.

ஐம்பது ஓவர் போட்டியின் நடுப்பகுதி சலிப்பூட்டும், மறைக்க ஒன்றுமில்லை. பதினைந்திலிருந்து முப்பத்தைந்துவரை ஓவருக்கு நான்கைந்து ஒற்றை ரன், ஒரு மோசமான பந்துக்கு ஒரு பவுண்டரி. சலிப்பாக இருந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். சலிப்பில் தூக்கி அடிப்பதால்தான் முக்கால்வாசி துரத்தல்கள் கெடுகின்றன.

டெஸ்டும் சேமிப்பும்

டெஸ்டை ஒரே அமர்வில் ஆட யாராலும் முடியாது. ஒரு நாளைக்கு 90 ஓவர். வீட்டுக் கணக்கில் இரவுக்குப் பத்துப் பதினைந்து ஓவர் ஆடினால், முழு டெஸ்டுக்கு ஒரு மாதம் பிடிக்கும். அது நீளம் என்று தோன்றினால் உங்கள் பேட்டிங்கை மட்டும் ஆடிவிட்டு எதிரணியின் இன்னிங்ஸைக் கணினியே கணக்கிட்டுச் சொல்லும்படி விடலாம். அதில் தவறில்லை. 80 ஓவர் முடிந்ததும் புதுப் பந்து கேட்க மறக்காதீர்கள், கணினி தானாக எடுத்துக் கொடுக்காமலிருக்கலாம். 200 ரன்னோ அதற்கு மேலோ முன்னிலை பெற்றால் ஃபாலோ ஆன் கேட்கும், அதாவது எதிரணியை உடனே மறுபடி பேட்டிங் செய்ய வைக்கவா என்று. உங்கள் பந்துவீச்சாளர்களின் களைப்பைப் பார்த்துவிட்டு ஆம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு இடைவேளையிலும் சேமியுங்கள். தானியங்கிச் சேமிப்பை நம்பியிருந்த ஒரு மே மாத இரவில், மூன்றாம் நாள் மாலை, ஏழு விக்கெட் விழுந்து எட்டாவது ஜோடி 60 சேர்த்திருந்த நேரம், தெருவே இருண்டது. மின்சாரம் திரும்பியபோது ஆட்டம் இரண்டாம் நாள் காலையில் நின்றிருந்தது. அந்த 60-ஐ மறுபடி என்னால் எடுக்க முடியவில்லை.

இப்போது சேப்பாக்கம்

கிரிக்கெட் 19-இல் நாமே சூழ்நிலையை அமைத்து ஆடும் வசதி உண்டு. இலக்கு 271, ஸ்கோர் 82, ஐந்து விக்கெட் என்று கொடுத்துவிட்டுத் தொடங்கலாம். அந்த வசதி இல்லாதவர்களுக்கு நான் பல வருடம் பயன்படுத்திய குறுக்கு வழி இது. டெஸ்ட் போட்டியைத் தொடங்குங்கள், ஐந்தாம் நாள் ஆடுகளம்போலக் காய்ந்த தரை, நீங்கள் முதலில் பேட்டிங். வரிசையை மாற்றி டெண்டுல்கரையும் மோங்கியாவையும் தொடக்க ஆட்டக்காரர்களாக இறக்குங்கள், அவர்களுக்குப் பின் சுனில் ஜோஷி, கும்ப்ளே, ஸ்ரீநாத், பிரசாத். இந்த ஆறு பேர்தான். ஐந்தாவது விக்கெட் விழுந்ததும் தோல்வி, 189 வந்தால் வெற்றி. திரை அதன்பிறகு என்ன சொன்னாலும் கணக்கில்லை. புதுப் பந்தை எதிர்கொள்ள வேண்டியிருக்கும் என்பது ஒன்றுதான் குறை. எதிரணியில் யார் வீசுவது என்பதையும் நீங்களே தீர்மானிக்க முடியும் என்றால் முதல் ஓவரிலேயே சக்லைனைக் கொண்டுவந்து அதை ஈடுகட்டலாம்.

முதல் ஐம்பது ரன்னுக்கு நாற்பது ஓவர் ஆனாலும் பரவாயில்லை. மோங்கியாவை வைத்து ஸ்வீப் ஆட வேண்டாம், தடுத்துத் தடுத்து நிற்கட்டும். ஜோஷி வந்தபிறகு ஓவரின் ஐந்தாம், ஆறாம் பந்தில் டெண்டுல்கர் ஒற்றை எடுத்து அடுத்த ஓவரையும் அவரே எதிர்கொள்ளும்படி பாருங்கள். திரையில் 172 என்று வரும்போது ஆட்டத்தை நிறுத்தி ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நிஜத்தில் அதுதான் 254. வெற்றிக்கு 17 வேண்டும், மிட் ஆஃபில் வாசிம் அக்ரம் நிற்பார், சக்லைன் கொஞ்சம் தூக்கிப் போடுவார், பந்து இரண்டு நொடி காற்றில் தொங்குவதுபோல இருக்கும். தூக்கி அடிக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுப் பந்தைத் தரையோடு லாங் ஆனுக்குத் தள்ளி ஒன்று ஓடுங்கள். ஏழு முயற்சியில் மூன்று முறை 172-ஐத் தொட்டிருக்கிறேன். இரண்டு முறை ஒன்று ஓடினேன். மூன்றாம் முறை தூக்கினேன், வாசிம் அங்கேயேதான் நின்றிருந்தார்.